மலைக்குப் போகுமுன்: வாசகர் கேள்வி – பதில்

சிவனொளிபாத பருவகாலம் மார்கழிப் போயாவோடு ஆரம்பிக்கிறது. பாடசாலை விடுமுறையும் அதே மாதம்தான். அதனால் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு மலையேற்றமும் காட்டு வழிப் பயணமும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். படிக்கத் தொடங்குமுன் மூன்று இலக்கங்களை ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள்: இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

குடும்பமாக ஹோர்ட்டன் சமவெளிக்கும் சிவனொளிபாத மலைக்கும் போகிறோம். உயரத்தால் தலைசுற்று, மூச்சுத்திணறல் வராமல் இருக்க மாத்திரை ஏதும் போட வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

வேண்டாம். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேலே போய் இரவு தங்குபவர்களுக்குத்தான் வரும். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். சிவனொளிபாதம் 2243 மீற்றர். ஆகவே படியேறும்போது நெஞ்சு இறுக்கினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, உட்கார்ந்து பத்து நிமிடமாகியும் மூச்சு அடங்காவிட்டாலோ, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மேலே ஏறாதீர்கள். அது இதயத்தின் கோளாறாக இருக்கலாம். அந்த இடத்திலேயே உட்கார வைத்து உதவி கேளுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது குளிருக்கு. சிவனொளிபாத ஏற்றம் தொடங்கும் நல்லதண்ணியிலிருந்து உச்சி சுமார் ஆயிரம் மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றருக்கு ஆறு, ஆறரை பாகை வெப்பம் குறையும். அதோடு உச்சியில் காற்று வேறு. சுமார் 5500 படிகளை ஏறி வேர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு, சூரியோதயத்துக்காக இரண்டு மணி நேரம் அந்தக் காற்றில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. பருத்தியும் டெனிமும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாற்று பனியன் ஒன்று, காலுறை ஒரு சோடி, கம்பளித் தொப்பி, காற்றுப் புகாத மழைச்சட்டை ஆகியவற்றை நீர் புகாத பையில் கொண்டுபோங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்று மறைவான இடத்தில் ஈர உடுப்பை மாற்றிக்கொண்ட பிறகு மேலே ஏறுங்கள். சாதாரணமாக நடப்பவருக்கு ஏற மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். பொழுது விடிய அரை மணிக்கு முன் உச்சியில் இருந்தால் போதும். அதற்கு முன்பே போய்ச் சேரும்படி இருந்தால் கீழே உள்ள அம்பலத்தில் தங்குங்கள்.

அடையாளங்களைத் தெரிந்து வைத்திருங்கள். முதலில் கட்டுப்படாத நடுக்கம் வரும், பொத்தான் போட விரல் வளையாது. அடுத்துப் பேச்சு குழறும், நடை தடுமாறும், "கொஞ்சம் படுக்கிறேன்" என்பார். குளிரில் இருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசம், 1990 ஐ அழையுங்கள். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, தலையை மூடி, அடியில் ஏதாவது விரித்துப் போர்த்திவிடுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அக்குளில் வைக்கலாம். நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் சீனி கூடப் போட்ட தேத்தண்ணீர் கொடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம். சாராயம் கொடுக்கவே கூடாது. அது தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து ஒரு கணம் சூடாக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம். நேர்த்திக்காகச் செருப்பில்லாமல் மலையேற வேண்டும் என்கிறார். அனுமதிக்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

முதலில் கிளினிக்கில் இதயத்தையும் பாதங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு ஏற வேண்டாம். கல் குத்தினாலும், தோல் உரிந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தப் புண்தான் பிறகு விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. நேர்த்தி அவசியம் என்றால் உச்சியில் பாதம் இருக்கும் மேடையில் மட்டும் செருப்பைக் கழற்றட்டும். இறங்கியதும் விரல் இடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் டோர்ச் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்.

இன்சுலின் போடுபவருக்கும் கிளிபென்கிளமைட், கிளிகிளசைட் வகை மாத்திரை எடுப்பவருக்கும் ஏறும்போது சீனி திடீரென இறங்கலாம். நடு இரவில் ஏறுவதால் மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அளக்கும் கருவி கையில் இருக்கட்டும். 70க்குக் கீழே வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து, பிறகு பிஸ்கட் கொடுங்கள். குளிர் வேர்வையும் சிடுசிடுப்பும் களைப்பால் வந்தவை போலவே தெரியும். சந்தேகம் வந்தால் அளக்க மெனக்கெடாமல் சீனியைக் கொடுத்துவிடுங்கள்.

நக்கிள்ஸ் காட்டில் அட்டை மோசம் என்கிறார்கள். கடித்தால் உப்புப் போட்டால் போதுமா?
– பல்கலைக்கழக மாணவர், பேராதனை

கழற்றுவதற்கு உப்பும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். அட்டைக்கு இரண்டு முனையிலும் ஒட்டும் வாய் உண்டு. கடிப்பது மெல்லிய முனை. தோலோடு தோலாக நகத்தை வைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் நெம்புங்கள், பிறகு தடித்த முனையை. உப்பு போட்டாலோ சுட்டாலோ அது குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கக்கூடும். பிடித்து இழுத்தால் தோல் கிழிந்து புண் பெரிதாகும்.

இரத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கசியும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அட்டை தன் எச்சிலோடு விடுவதே காரணம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்துங்கள். இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற மருந்து எடுப்பவர்கள் ஈரக் காட்டுக்குப் போவதைத் தவிர்ப்பதே நல்லது. கடித்த இடம் சில நாட்கள் அரிக்கும். சொறிந்தால்தான் சீழ் பிடிக்கும்.

வராமல் தடுப்பதற்கு நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வேண்டும். காற்சட்டையை உள்ளே விட்டு மேலே இறுக்கிக் கட்டுங்கள். சப்பாத்தின் விளிம்பிலும் காலுறையிலும் ஈரச் சவர்க்காரத்தை அல்லது சித்தாலேபவைத் தடவலாம். நீரோடையைக் கடந்தால் மறுபடி தடவ வேண்டும். ஓய்வெடுப்பதற்கு ஈரச் சருகை விட்டு வெயில் படும் பாறையைத் தேடுங்கள்.

மலை ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. குடிக்கலாமா?
– வாசகர், மாத்தளை

தெளிவு மட்டும் போதாது. மேலே லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருக்கிறதா, மரக்கறித் தோட்டம் இருக்கிறதா, மாடு இறங்குகிறதா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. காட்டுக்குள்ளிருந்து நேரே வரும் ஓடையானால் துணியில் வடித்து, கொப்பளமிட்டு ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். 2000 மீற்றருக்கு மேலே, ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடத்தில், நீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம் வையுங்கள். தேயிலை மலைக்கும் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் கீழே ஓடும் நீரை எப்படிக் கொதிக்க வைத்தாலும் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்தும் களைகொல்லியும் போகாது.

குளோரின் மாத்திரை பயன்படுத்தினால் முதலில் வடித்துவிடுங்கள். கலங்கல் நீரில் மருந்தின் வேலை பாதியாகும். போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், நீர் மிகக் குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரம். போத்தலின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, நீரை மரை வழியாகக் கசியவிட்டுத் திரும்ப மூடுங்கள். வாய் வைத்துக் குடிக்கும் இடத்தில் இருக்கும் கிருமியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வயிற்றோட்டம் பிடித்தால் ஜீவனிப் பைக்கற்றை அதில் சொல்லியிருக்கும் அளவு நீரில் கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் வயிற்றோட்டம் கூடும். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். மலத்தில் இரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ பயணத்தை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எங்கள் தோட்டத்து மலை வழியாகத்தான் அருவிக்குப் போகும் பாதை. வெளியூர் ஆட்கள் வந்தால் குளவிக்குப் பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்புவது?
– வாசகி, பொகவந்தலாவை

உங்கள் பயம் முற்றிலும் சரி. கொழுந்து பறிப்பவர்களுக்குக் குளவி கொட்டிய செய்தி இல்லாத மாதம் குறைவு. நாம் குளவி என்று சொல்வது பல வேளை பெரிய மலைத்தேனீதான். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். பருந்து தட்டினாலும், காற்று முறித்தாலும், கீழே புகை போட்டாலும் கூட்டமாக இறங்கும். ஆகவே கூடு இருக்கும் மரத்தைக் காட்டி, சுற்று வழியில் அனுப்புங்கள். வாசனைத் திரவியம் பூசி வர வேண்டாம், மரத்தடியில் சிகரெட் பற்ற வைக்க வேண்டாம், ட்ரோன் பறக்கவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒன்று கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசனை பரவும். அது மற்றவற்றை அழைக்கும். அதனால் நின்று அடிக்காமல், குந்தாமல், சட்டையாலோ படங்காலோ முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு உடனே ஓட வேண்டும். நூறு மீற்றரில் நின்றுவிட வேண்டாம், துரத்துவது நிற்கும்வரை ஓடுங்கள். வீடு, வாகனம் கிடைத்தால் உள்ளே போய் மூடுங்கள். தண்ணீரில் குதிக்க வேண்டாம். மேலே காத்திருக்கும், நீந்தத் தெரியாதவர் மூழ்கிப்போவார். சரிவில் ஓடும்போது கானில் விழுந்து கால் முறிவதும் நடக்கிறது, பாதையோடு ஓடுங்கள்.

தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தாலோ வங்கி அட்டை போன்ற கெட்டியான ஒன்றின் விளிம்பாலோ உடனே வழித்து எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். உடம்பெல்லாம் தடித்தால், உதடு அல்லது நாக்கு வீங்கினால், குரல் அடைத்தால், வாந்தியோடு மயக்கம் வந்தால் அது ஒவ்வாமை. ஒரே கொட்டிலும் உயிர் போகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள் (மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும்), எழுந்து நடக்க விடாதீர்கள். அட்ரினலின் ஊசிதான் மருந்து, அது உள்ள அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும் பத்துக்கு மேல் கொட்டியிருந்தால் காட்டிவிடுவது நல்லது. நிறையக் கொட்டு வாங்கியவருக்கு அடுத்த இரண்டொரு நாளில் சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். வலி குறைந்துவிட்டதென்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டுமா? எங்கள் ஊரில் விஷக்கல் வைக்கும் ஒருவர் இருக்கிறார்.
– வாசகர், இரத்தோட்டை

இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். விஷக்கல் வைக்கப் போய் இழக்கும் நேரம்தான் கடிபட்டவருக்கு அதிகம் தேவையான நேரம். வைப்பவரின் நல்லெண்ணத்தில் குறை சொல்லவில்லை, நஞ்சை அந்தக் கல் எடுக்காது.

மலைநாட்டில் அதிகம் கடிப்பது தூக்கிய மூக்கோடு சருகு நிறத்தில் இருக்கும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமான விரியன். சிங்களத்தில் பொலன் தெலிஸ்ஸா என்பார்கள். சருகுக்குள்ளும் தேயிலைத் தூரடியிலும் சுருண்டு அசையாமல் கிடக்கும், விலகிப் போகாது. விறகு பொறுக்கும் கையிலும் செருப்புக் காலிலும்தான் கடி விழுகிறது. சின்னப் பாம்பு என்று அலட்சியம் வேண்டாம். பெரும்பாலானோருக்கு வீக்கமும் வலியும் கொப்பளமும்தான், ஆனால் சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் செயலிழக்கும். இந்தியாவிலிருந்து வரும் நஞ்சு முறி மருந்து நாகம், கண்ணாடி விரியன், எண்ணெய் விரியன், சுருட்டை வகைகளுக்கானது, இந்த விரியனுக்கு வேலை செய்யாது. அதனால்தான் எந்தப் பாம்பு என்பது வைத்தியருக்குத் தெரிவது முக்கியம். தூர நின்று ஒரு படம் எடுங்கள். அடித்துக் கொண்டுபோக முயன்று இன்னொருவர் கடி வாங்க வேண்டாம்.

மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். கடித்த காலைத் தடி வைத்து அசையாமல் கட்டி, கடித்த நேரத்தைக் கையிலேயே பேனையால் எழுதுங்கள். வலிக்குப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், டைக்குளோபினாக் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடும்.

நடக்க வைக்கக் கூடாது. 1990 வண்டி தார் வீதிவரைதான் வரும், அதுவரை தூக்குவது உங்கள் பொறுப்பு. மூன்று உரச் சாக்குகளின் அடி மூலைகளை வெட்டி, இரண்டு மூங்கில் கழிகளை அவற்றுக்குள் செருகினால் தூக்குப் படுக்கை தயார். முதலில் சுகமான ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றுக்கு நடக்க வேண்டும். நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரே போன்ற இடத்திலிருந்து வைத்தியசாலைக்கு வர மணிக்கணக்காகும் என்பதால், இரண்டு பேர் மட்டும் காட்டுக்குள் போவதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

பனிமூட்டத்தில் வழி தவறினால் ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்பது உண்மையா?
– வாசகர், வவுனியா

சமதரையில் சரியாக இருக்கலாம். மலைநாட்டில் ஓடையோடு இறங்கினால் அருவியின் தலையில் போய் நிற்பீர்கள், ஈரப் பாறையில் திரும்ப ஏறவும் முடியாது. மூட்டம் வந்ததும் நில்லுங்கள். கடைசியாகத் தெரிந்த பாதைக் குறி எது என்று யோசியுங்கள். அது கண்ணுக்கு எட்டினால் மட்டும் திரும்பி நடங்கள். இல்லாவிட்டால் அங்கேயே காற்று மறைவில் உட்கார்ந்து உடுப்பை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். விசில் மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். தொண்டை கிழியக் கத்துவதைவிட அது வெகுதூரம் கேட்கும். ஃபோனில் சார்ஜ் சேமியுங்கள். அழைப்பு எடுபடாத இடத்திலும் குறுஞ்செய்தி சில வேளை போய்விடும்.

ஹோர்ட்டன் சமவெளியில் காலை ஒன்பது, பத்து மணிக்கே மூட்டம் ஏறிவிடும். அங்குள்ள "உலக முடிவு" என்ற மலை விளிம்பில் எண்ணூறு மீற்றருக்கு மேலான செங்குத்து வெண்மைக்குள் மறைந்துபோகும். சுற்றுப் பாதை ஒன்பது கிலோமீற்றரளவு, ஆறு மணிக்கே வாயிலில் இருங்கள். விளிம்பில் நின்று பின்பக்கமாக அடி வைத்துப் படம் எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காட்டுக்குள் மாலை ஐந்தரைக்கே இருட்டும், ஆகவே எவ்வளவு தூரம் மிச்சம் இருந்தாலும் நண்பகலில் திரும்பத் தொடங்குங்கள். ஆளுக்கொரு டோர்ச் இருக்க வேண்டும், ஃபோன் வெளிச்சத்தை நம்ப முடியாது.

சிறுத்தை எதிரே வந்தால்?
– வாசகி, நுவரெலியா

ஓட வேண்டாம், குனிய வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முகத்தைக் காட்டியபடி மெல்லப் பின்வாங்குங்கள். அதற்குப் போக வழி விடுங்கள். கம்பிக் கண்ணியில் சிக்கிக் கிடந்தால் கிட்டப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

மழை நாளில் அருவியில் குளிப்பது, கூடாரம் போடுவது எவ்வளவு ஆபத்து?
– இளைஞர் கழகம், பண்டாரவளை

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம். நீர் சற்றுக் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் பையைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். நேராக மேட்டுக்குப் போங்கள், மறுகரையில் சாமான் இருக்கிறதென்று கடக்க வேண்டாம். முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைத் தள்ளிவிடும். லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ், மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களுக்குக் கீழே ஆற்றில் இறங்குவதாக இருந்தால், மழைக்காலத்தில் வான்கதவு எந்த நேரமும் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். தியலும போன்ற அருவிகளின் மேல் தடாகங்களில் விளிம்புப் பாறை பாசியால் வழுக்கும். அங்கே குதிப்பதும் விளிம்பில் உட்காருவதும் வேண்டாம்.

மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயார், சிவப்பு என்றால் வெளியேற்றம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்திருந்தாலே சரிவுப் பாதைகளில் பயணத்தை நிறுத்திவிடுங்கள். 150 என்பது வெளியேற வேண்டிய அளவு. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது எல்லாம் மலை நகர்வதற்கு அறிகுறி. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண் இன்றும் நம் நெஞ்சில் கிடக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுக்குப் பிறகு பல சரிவுகள் தளர்ந்திருக்கின்றன. பழைய காணொளியில் பார்த்த பாதை இன்று இல்லாமலே இருக்கலாம், ஊர்க்காரரிடம் கேட்டுப் போங்கள்.

கூடாரத்தை ஓடை வளைவிலும், வெட்டிய மண் சரிவுக்குக் கீழேயும், உச்சியின் தனி மரத்தடியிலும் போட வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமின்னல் கடுமையாக இருக்கும். குளிருக்காகக் கரிச் சட்டியைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வைத்துத் தூங்கினால் மணமில்லாத நச்சுவாயு சேர்ந்து காலையில் யாரும் எழும்ப மாட்டார்கள். இதை எவ்வளவு முறை சொன்னாலும் தகும். கூடாரத்துக்கு வனத் திணைக்களத்தின் அனுமதியும் வாங்க வேண்டும், அப்போதுதான் நீங்கள் உள்ளே இருப்பது ஒருவருக்காவது தெரியும்.

பயணம் முடிந்து வந்து ஒரு வாரத்தில் காய்ச்சல். மலேரியாவாக இருக்குமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. நாட்டுக்குள்ளேயே பயணம் செய்திருந்தால் முதலில் யோசிக்க வேண்டியவை வேறு. வயல் சேற்றில், கலங்கிய ஓடையில் காயத்தோடு நடந்திருந்தால் எலிக்காய்ச்சல்: கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் அடையாளம். புல்வெளியில் நடந்த பிறகு காய்ச்சலோடு சிவப்புப் புள்ளியோ, அக்குள், தொடை இடுக்கில் கருகிய சிறு பொருக்கோ இருந்தால் உண்ணிக் காய்ச்சல். டெங்கும் உண்டு. அதனால் பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வைத்தியரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஊர், எந்தத் திகதி, சேற்றில் நடந்தீர்களா, உண்ணி எடுத்தீர்களா என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் சீக்கிரம் மருந்து தொடங்கினால் எளிதாகத் தீரும். அடுத்த முறை வயலுள்ள கிராமத்தில் தங்கப்போவதாக இருந்தால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்தடுப்பு டொக்சிசைக்கிளின் வேண்டுமா என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பின் நிறைய நீரோடு. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அது பொருந்தாது.